ரஷ்யாக்காரர் கதவைத் தட்டிய கதை

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரஷ்யாக்காரர் என்றால்தான் தெரியும். அவர் ரஷ்யாவை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். அந்த மொழியில் ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு புத்தகம். பழைய ரஷ்யச் சிறுகதைகளை யாரோ ஒரு புண்ணியவான் இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தடிமனாகப் போட்ட தொகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே நடைபாதைக் கடையில் வாங்கியது. யாரோ பிய்த்துப் போட்டு, வேறு யாரோ புது அட்டை ஒட்டி விற்ற புத்தகம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை வருஷம் பந்தா பண்ண முடியும் என்று அத்தானைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் கனத்த கம்பளிக் கோட்டு. டீயில் பால் கூடாது. கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் துண்டு மிதக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே குப்பை வண்டி போனால்கூட, பரந்த சமவெளியில் குதிரை வண்டி போவதுபோல் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆன்மா என்ற சொல் இல்லாமல் அவரால் உப்புக்கூடக் கேட்க முடியாது. அக்கா ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னதற்கு, "நம்ம ஆன்மாவே வறண்டு கெடக்கு, நீ குழாயைப் பத்திப் பேசுறே" என்று பதில் சொன்னார். அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தது அக்காதான்.

வேலை, ஐஸ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர். பனியைப் பற்றிப் பேச அந்த ஒரு தகுதி அவருக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். அதற்குள் வரிசையாகத் தகர டப்பாக்கள், டப்பாவுக்குள் நல்ல தண்ணீர். உறைந்ததும் கிரேன் டப்பாவைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால், ஆள் உயரத்துக்கு ஒரு ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மீன் லாரிக்காரர்கள் வாசலில் கத்திக்கொண்டிருப்பார்கள். அமோனியா வாடை கண்ணைக் கரிக்கும். இந்த அமளிக்கு நடுவில், கண்ணாடித் தடுப்புப் போட்ட அறைக்குள் அத்தான் உட்கார்ந்து பனியில் நடுங்கும் ஏழைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் ரப்பர் செருப்போடு நடுங்கிக்கொண்டிருந்தவர்களை அவர் பார்த்ததில்லை. அவர்களை யாரும் இங்கிலீஷில் எழுதவில்லை அல்லவா?

ஞாயிறு காலைகளில் டைப்ரைட்டிங் வகுப்பின் மாடியில் ஒரு வாசகர் வட்டம் கூடும். பல் டாக்டர் ஒருவர்தான் தலைவர். அங்கே அத்தானுக்கு ராஜ மரியாதை. காரணம், அந்தப் புத்தகத்தின் கடைசிக் கதை. எழுதியவர் பெயர் என் வாயில் நுழையாது. கதையைச் சொல்கிறேன். ஒரு கிழட்டு மரவியாபாரி. கோபித்துக்கொண்டு வெளியூர் போய்ச் செருப்புத் தைத்துப் பிழைக்கிற மகன். கிழவன் மனசு கேட்காமல் ஒரு ஜோடி கம்பளிப் பூட்ஸைக் கட்டி எடுத்துக்கொண்டு, பனியில் நடந்து நடந்து மகன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான். உள்ளே விளக்கு எரிகிறது. கதவின் முன் நிற்கிறான். கையை உயர்த்துகிறான். அவ்வளவுதான். புத்தகமும் அங்கே முடிந்துவிடுகிறது.

"தட்டினானா? தட்டலையா? எழுதினவன் சொல்ல மாட்டான்!" என்று அத்தான் மேசையில் குத்துவார். "நம்மாளா இருந்தா தட்ட வச்சு, கட்டிப்பிடிச்சு அழ வச்சு, மூக்கைச் சிந்த வச்சிருப்பான். அவன் மேதை. உயர்த்தின கையோட விட்டுட்டான். அந்தக் கையிலதான் மனுஷ ஆன்மா இருக்கு!"

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மற்றவர்கள் கை தட்டுவார்கள். இந்தப் பேச்சையே வருஷத்துக்கு வருஷம் கேட்டார்கள், சலிக்கவில்லை. வேறு யாராவது அந்தக் கதையைப் படித்திருந்தால்தானே சலிக்கும்!

அவர்களுக்கு ஒரே மகள். இங்கிலீஷை அந்தப் புத்தகத்திலிருந்துதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவள் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்த சமயம். ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஐஸ் பார் நழுவி ஒரு தொழிலாளியின் பாதத்தில் விழுந்தது. அலறல். யாரோ ஓடிவந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, "சார், கால் நசுங்கிருச்சு, வண்டி வேணும்" என்றார்கள். கண் நிறையத் தண்ணீரோடு படித்துக்கொண்டிருந்த அத்தான், விரலை உயர்த்தி, "இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார். புத்தகத்தில் அப்போது ஏதோ ஒரு ஏழைக்குக் காய்ச்சல். கிரேன் ஓட்டுகிற பையன் கீழே குதித்து, அடிபட்டவரைத் தோளில் போட்டுக்கொண்டு மீன் லாரியில் ஏற்றிப் போய்விட்டான். அப்பாவின் பக்கம் முடிவதற்குள் என் மருமகள் முடிவெடுத்துவிட்டாள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். தாய்மாமன் போடாமல் வேறு எவன் போடுவான்? அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மனிதர் என்று மதித்திருப்பேன். கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, "கிரேன் ஓட்டுறவனா..." என்று மட்டும் சொன்னார். புத்தகத்தில் வருகிற வண்டிக்காரனுக்கும் சமையல்காரிக்கும் கொல்லனுக்கும் குடம் குடமாகக் கண்ணீர் வடித்தவர், தன் ஃபாக்டரி ஆள் மாப்பிள்ளையானதும் உறைந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அந்தக் கிரேன்கிட்ட சொல்லுங்க, மூணாவது வரிசையைத் தூக்கணும்னு" என்று மூன்றாம் ஆள் மூலம் உத்தரவு போகும். கிரேனுக்கும் அவருக்கும் பத்தடிதான் தூரம்.

மகள் குடியேறியது ஃபாக்டரிக்குப் பின்புறத்துத் தெரு. அக்கா அங்கே போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ போயேன்க்கா. உன் மகதானே? யாரைக் கேக்கணும்?" என்றேன்.

"நான் தனியாப் போய் நின்னா, அவ முதல்ல என்ன கேப்பா தெரியுமாடா? அப்பா எங்கேன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? அவரு ஒரு தடவை வந்து தட்டட்டும். அப்புறம் நான் தினம் போவேன்."

அக்காவின் பிடிவாதம் அப்படி. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் கை ஒரு முறை அந்தக் கதவில் பட வேண்டும்.

குழந்தை பிறந்தது. அத்தானும் அசைந்து கொடுத்தார். ஒரு மாலை மூவருமாகக் கிளம்பினோம். அக்கா கையில் ஒரு துணிப்பை. அதில் அவளே தைத்த சட்டைகள், ஒரு குட்டித் தொப்பி. தெருமுனை வந்ததும் அத்தான், "நீங்க இங்கேயே நில்லுங்க. இது நான் தனியாப் போக வேண்டிய எடம்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கோட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, இல்லாத பனியில் கால் புதையப் புதைய நடந்துபோனார். கதவின் முன் நின்றார். கையை உயர்த்தினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. கண்கள் பளபளக்கத் திரும்பி வந்தார்.

"போதும். இதுக்கு மேல ஒரு அடி வச்சாலும் அது பொய்."

"தட்டலையா?" என்று அக்கா கேட்டாள்.

"உயர்த்தினேன்" என்றார்.

அக்கா பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஞாயிறு வட்டத்தில் அத்தான் இதைச் சொந்த அனுபவமாக எடுத்து விளாச, பல் டாக்டர் எழுந்து வந்து கட்டிக்கொண்டாராம். கதையை வாழ்ந்து காட்டியவர் என்று பாராட்டாம்! வெட்கம் மானம் உள்ள மனிதர்கள் அந்த மாடியில் ஒருவர்கூட இல்லை.

மருமகள் ஒரு நாள் என் கடைக்கு வந்தாள். என்னுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. அக்கா வீட்டுக்கு நேர் எதிரே. வேண்டுமென்றே அம்மா சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் புத்தகம்.

"மாமா, இவருக்குத் தூரத்துல ஒரு துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்துறோம். இனிமே எப்ப வருவோம்னு தெரியாது. இதை அப்பாகிட்ட குடுத்துடுங்க."

அதே புத்தகம். பதிப்பும் அதே. அவள் வேலை பார்க்கிற பள்ளி நூலகத்தில் கிடைத்ததாம். கடைசிப் பக்கங்களில் ஒரு நூல் வைத்து அடையாளம் பண்ணியிருந்தாள்.

"அப்பாவோட புத்தகத்துல கடைசிப் பக்கமெல்லாம் பிஞ்சு போயிருக்கு மாமா. யாரோ அதைப் பார்க்காமலே அட்டையை ஒட்டிட்டாங்க. இதுல முழுசா இருக்கு. அந்தக் கிழவன் தட்டிட்டான்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். ஜன்னல் வழியா அப்பா வர்றதைப் பார்த்துட்டேன். நானே தொறந்திருக்கலாம். ஆனா அவரு தட்டணும்னு ஆசைப்பட்டேன். தாப்பாள்ல கை வச்சுட்டே நின்னேன் மாமா."

அவள் போன பிறகு, கடையில் இருந்த நல்ல லென்ஸாகப் பார்த்து எடுத்துவைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். அத்தானின் புத்தகம் நின்ற இடத்தில், அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு முற்றுப்புள்ளி. பக்கம் அங்கே முடிந்தது தற்செயல். அந்த முற்றுப்புள்ளியைத்தான் மனிதர் மேதைமை என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்! பக்கத்தைப் புரட்டினால் கிழவன் தட்டுகிறான். யாரும் வரவில்லை. மறுபடி தட்டுகிறான், இந்த முறை முஷ்டியால். மகன் கையில் ஊசியோடு வந்து திறந்து, "கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருது" என்கிறான். பூட்ஸ் மகன் காலுக்குப் பத்தவில்லை. அப்பன் மனதில் மகன் இன்னும் வளராத பிள்ளை. அந்த அளவுக்கு வாங்கி வந்திருக்கிறான். மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கிழவன் அடுப்போரம் உட்கார்ந்து சூப் குடிக்கிறான், உப்புப் போதவில்லை என்று மருமகளிடம் குறை சொல்கிறான். மறுநாள் காலையிலும் ஏதோ சண்டை. எனக்கு இலக்கியம் தெரியாது. ஆனால் அந்தப் பூட்ஸ் இடத்தை மட்டும் மறுபடி புரட்டிப் படித்தேன்.

அன்று மாலை புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாசல் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் விஷயத்தை முன்பே சொல்லியிருந்தேன். அத்தான் நின்றபடியே படித்தார். முகம் வெளுத்தது. உள்ளே போய்த் தன் புத்தகத்தை எடுத்து வந்து, முதுகுப் பக்கத்தை விரித்துப் பார்த்தார். காய்ந்த பசை பொருக்காக உதிர்ந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கண் வாசலில் கிடந்த செருப்புகள் பக்கம் போனது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது.

"இல்ல மாப்ள" என்றார். "இது இடைச்செருகல்."

"என்னது?"

"யாரோ சேர்த்திருக்கான். பதிப்பாளர் வேலையா இருக்கும், இல்ல அந்த மொழிபெயர்ப்பாளன். ஒரு மேதை கொண்டுபோய்ச் சூப்புல கதையை முடிப்பானா? உப்புப் போதலையாம்! இதுவா ஆன்மா?"

"அத்தான், உங்க புத்தகம் பிஞ்ச புத்தகம். பசை உதிருது, பாருங்க."

"பிஞ்சது நல்லதுக்குத்தான். பிச்சவன் ரசிகன்."

இப்படி ஒருவரோடு என்ன பேசுவது? செங்கல்லைக் காட்டினாலும் அதை ரொட்டி என்று சாதிப்பார். அக்கா மட்டும் மெதுவாக, "அவங்க ஞாயித்துக்கிழமை போறாங்க" என்றாள். "அன்னிக்கு மட்டும் கூட்டத்துக்குப் போகாதீங்க."

"அன்னிக்குத்தான் நான் பேசியாகணும். ஒரு மகா கலைஞனுக்கு அநியாயம் நடந்திருக்கு. நான் கேக்கலைன்னா யார் கேப்பா?"

ஞாயிறு காலை கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு புத்தகங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசல்வரை வந்து, "கடைசியாக் கேக்குறேன். வர்றீங்களா?" என்றாள்.

"மனசால அங்கேதான் இருப்பேன்" என்றார்.

அவர் தெருவைத் தாண்டியதும் அக்கா உள்ளே போனாள். வெளியே வந்தபோது தோளில் ஒரு பெட்டி, கையில் அந்தப் பழைய துணிப்பை. கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் நீட்டினாள். நான் கடையை இழுத்து மூடிவிட்டுக் கூடவே போனேன். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். எதற்குப் பெட்டி என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மகள் வீட்டு வாசலில் லாரி நின்றது. கட்டில், பாத்திரம், பாய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அக்கா நின்று மூச்சு வாங்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை, கையை உயர்த்தி அழகு பார்க்கவில்லை. நேராகப் போய்த் தடதடவென்று தட்டினாள். மகள் திறந்தாள். ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை அம்மாவைத் தாண்டித் தெருவைத் துழாவியது.

"அம்மா... அப்பா எங்கே?"

இத்தனை நாள் அக்கா பயந்துகிடந்த கேள்வி அதுதான். வந்தேவிட்டது.

"உங்கப்பா கூட்டத்துல பேசிட்டிருக்காரு. நீ வழியை விடு, பிள்ளையைக் குடு" என்றாள் அக்கா.

பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அழுதார்கள், சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். அத்தானுக்குப் பிடிக்காததெல்லாம் நடந்தது. பையிலிருந்த சட்டைகள் எதுவும் குழந்தைக்குப் பத்தவில்லை. தொப்பி தலையில் பாதியில் நின்றது. மருமகள் என்னைப் பார்த்து, "பூட்ஸ், மாமா!" என்றாள். எங்கள் இருவருக்கும் மட்டும் புரிந்தது.

மாப்பிள்ளைப் பையன் தயங்கித் தயங்கி, "அத்தை, முன் சீட்ல இடம் இருக்கு" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குழந்தையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை நான் கொடுத்தேன்.

"அத்தான்கிட்ட என்னக்கா சொல்ல? எப்ப வருவேன்னு சொல்ல?"

அக்கா யோசித்தாள். "ஒண்ணும் சொல்லாதே. முடிவு சொன்னா அவருக்குப் பிடிக்காது."

லாரி போய்விட்டது. நான் கடைக்கு வந்து, கதவைப் பாதி திறந்து வைத்து உட்கார்ந்தேன். மத்தியானம் அத்தான் வந்தார். கூட்டம் நன்றாக நடந்திருக்க வேண்டும், நடையிலேயே தெரிந்தது. வீட்டு வாசலில் நின்றார். அவர் சாவி வைத்துக்கொள்கிற வழக்கமில்லை. வாசலில் அவர் செருமினால் போதும், அக்கா கதவைத் திறந்துவிடுவாள். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

செருமினார். திறக்கவில்லை. பூட்டைப் பார்த்தார். பூட்டியிருக்கிறது என்பதை நம்ப முடியாதவர்போல அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். கையை உயர்த்தினார். உயர்த்திய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பழக்கதோஷம்.

பிறகு தட்டினார். முதலில் விரல் முட்டியால், பிறகு உள்ளங்கையால். புத்தகங்கள் இரண்டும் கக்கத்திலிருந்து நழுவிப் படியில் விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு முஷ்டியாலும் தட்டினார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து நிதானமாகத் துடைக்கத் தொடங்கினேன். தட்டட்டும். நன்றாகத்தானே தட்டுகிறார்.